கூலன்ட் குறைகிறது, தரையில் ஒரு சொட்டுகூட இல்லை

கேள்வி: என்னுடையது ஏழு வருடமான பெட்ரோல் கார். 90,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு மாதமாக, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் குறைந்துகொண்டே வருகிறது. பத்து நாளைக்கு ஒருமுறை அரை லிட்டர் ஊற்றுகிறேன். வண்டி நிற்கும் இடத்தில் ஈரமே இல்லை. தனியாக ஓட்டினால் டெம்பரேச்சர் முள் நடுவில் நிற்கிறது. நான்கு பேரோடு ஏசி போட்டு மேடு ஏறினால் மேலே போகிறது. போன மாதம் ஒருமுறை சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. வண்டியை நிறுத்தி, கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் ஊற்றி ஓட்டி வந்தேன். மெக்கானிக் முதலில் தெர்மோஸ்டாட் மாற்றினார், அப்புறம் வாட்டர் பம்ப் மாற்றினார். குறைவது நிற்கவில்லை. இப்போது ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார். இன்னொருவர், ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்க வாய்ப்புண்டு. ஆனால் இருவரில் ஒருவராவது சோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னதாக உங்கள் கடிதத்தில் இல்லை. ஆகவே அடுத்த பாகத்தை வாங்குவதற்கு முன்னால் ஒரு பிரஷர் டெஸ்ட், அதாவது கூலன்ட் பாதையில் அழுத்தம் ஏற்றிக் கசிவைத் தேடும் சோதனை, செய்யச் சொல்லுங்கள். இரண்டு பாகங்கள் மாறிய பிறகும் இந்தச் சோதனை நடக்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இது முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

உங்கள் வண்டியில் இரண்டு குறைகள் இருக்கின்றன. ஒன்று சூடாவது, மற்றொன்று கூலன்ட் குறைவது. இரண்டில் எது எதைக் கொண்டுவருகிறது என்று முதலில் தெரிய வேண்டும். எஞ்சின் அதிகம் சூடாகி, கொதித்து, ரேடியேட்டர் அல்லது கூலன்ட் டேங்க்கின் மூடி வழியே கூலன்ட் வெளியேறலாம். இல்லையென்றால் எங்கோ கசிந்து அளவு குறைந்து, அதனால் எஞ்சின் சூடாகலாம். இதைப் பிரித்துப் பார்க்க உங்களிடமே வழி இருக்கிறது. பாரம் ஏற்றாமல், மேடு ஏறாமல், முள் நடுவைத் தாண்டாமல் ஓட்டிய வாரத்திலும் அளவு இறங்கியதா? இறங்கியது என்றால் கசிவுதான் மூத்த குறை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது. பத்து நாளுக்கு அரை லிட்டர் என்று ஒரே கணக்காகக் குறைகிறது, சூடு மட்டும் பாரம் ஏறும்போது வருகிறது.

சூடு ஏறியதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டை மாற்றியது ‘ஏன் சூடாகிறது’ என்ற கேள்விக்கான வேலை. கூலன்ட்டைச் சுற்ற வைக்கும் வாட்டர் பம்பும் பெரும்பாலும் அப்படித்தான். ‘கூலன்ட் எங்கே போகிறது’ என்று யாரும் கேட்கவில்லை. அது மாயமாகப் போவதில்லை. வெளியே கசியும், அல்லது சிலிண்டருக்குள் போய் ஆவியாகிச் சைலன்சர் வழியே வெளியேறும், அல்லது எஞ்சின் ஆயிலோடு கலக்கும், அல்லது மூடி தாங்காமல் ஓவர்ஃப்ளோ வழியாகத் தள்ளப்படும்.

தரையில் சொட்டு இல்லை என்பதை வைத்து வெளிக்கசிவு இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். எஞ்சின் ஓடும்போதுதான் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அப்போது ஊசிமுனை அளவு ஓட்டையிலிருந்து பீச்சுவது சூடான எஞ்சின் மேலேயோ எக்ஸாஸ்ட் குழாய் மேலேயோ பட்டு அங்கேயே காய்ந்துவிடும். நீங்கள் வீடு வந்து நிறுத்தும்போது தடம் இருக்காது. இப்போதெல்லாம் எஞ்சினுக்கு அடியில் பிளாஸ்டிக் தட்டு ஒன்று பொருத்திவிடுகிறார்கள், சொட்டு அதிலேயே தேங்கிவிடும். தடம் வேறு விதத்தில் தெரியும். கூலன்ட் காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ, அதன் நிறத்திலோ உப்புப் பூத்ததுபோல ஒரு படிவு நிற்கும். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது டார்ச் அடித்து ஹோஸ் கிளாம்ப்புகளைச் சுற்றிப் பாருங்கள். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினிய உடலும் சேரும் விளிம்பு, தெர்மோஸ்டாட் உறை, புதிதாகப் போட்ட வாட்டர் பம்பின் கேஸ்கெட் ஓரம் ஆகியவையும் முக்கியம். வாட்டர் பம்பின் அடியில் சின்னத் துளை ஒன்று இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் அந்தத் துளை வழியே கசிந்து காட்டிக்கொடுக்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள். பழைய பம்பை இன்னும் தூக்கி எறியவில்லை என்றால் அந்தத் துளையைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே படிவு இல்லாமல் சுத்தமாக இருந்தால் அந்தப் பம்ப் கசிந்திருக்க வாய்ப்பு குறைவு.

வண்டிக்குள் இனிப்பான ஒரு வாடை வருகிறதா, முன் கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுப்பாகப் பனி மூடுகிறதா, முன்சீட்டுக் கால்விரிப்பு ஈரமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். மூன்றில் ஒன்று இருந்தாலும் டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் (சூடான கூலன்ட் ஓடும் சிறு ரேடியேட்டர்) மேல் சந்தேகம் வரும்.

இனி மூடி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பலரும் இதை வெறும் மூடி என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள். சாதாரணத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் 106, 107 டிகிரி வரை தாங்கும். மூடி சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் கொதிநிலை 125 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. எஞ்சினுக்கு மூச்சுவிட இடம் கொடுப்பது இந்த இருபது டிகிரிதான். மூடியின் ரப்பர் வெடித்தோ ஸ்பிரிங் தளர்ந்தோ போனால் அந்த இடம் பறிபோகிறது. முள் இன்னும் நடுவில் நிற்கும்போதே, எரிப்பறையை ஒட்டிய சூடான பகுதிகளில் கூலன்ட் கொதித்து நீராவிக் குமிழ் கட்டும். அந்த நீராவி கூலன்ட்டைத் தள்ளி வெளியேற்றும். பெரும்பாலும் மேடு ஏறும்போதுதான் இது நடக்கும், சமதரையில் குறைவு. உங்கள் வண்டியின் குணமும் அதுதானே?

மூடியில் இரண்டு வால்வுகள் உண்டு. ஒன்று அழுத்தம் மிஞ்சினால் வெளியே விடும். மற்றொன்று, எஞ்சின் ஆறும்போது உள்ளே ஏற்படும் வெற்றிடத்தைச் சரிசெய்யும். ரேடியேட்டர் மேலேயே மூடி உள்ள வண்டிகளில் இந்த இரண்டாவது வால்வு ரிசர்வ் டேங்கிலிருந்து கூலன்ட்டைத் திரும்ப உறிஞ்ச விடும். அது சிக்கிக்கொண்டால் ரிசர்வ் டேங்க் நிறைந்தே இருக்கும், ரேடியேட்டருக்குள் வெறுமையாக இருக்கும். டேங்கைப் பார்த்து நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருப்போம். எஞ்சின் ஆறிய பிறகு, ரேடியேட்டரின் மேல்பக்கம் சேரும் மேல் ஹோஸ் சப்பிப்போய் ஒட்டியிருந்தால் அது இந்த வால்வு சிக்கியதன் அடையாளம். உங்கள் வண்டியில் ரேடியேட்டர் மேலேயே மூடி இருந்தால், ஆறிய எஞ்சினில் அதைத் திறந்து உள்ளே விளிம்புவரை நிற்கிறதா என்று பாருங்கள். டேங்க்கின் கோட்டை மட்டும் நம்பாதீர்கள்.

நான் தொழில் கற்றுக்கொண்டிருந்த காலத்தில் ஒரு வண்டியின் ஹெட்டைக் கழற்றி, மட்டம் தட்டி, புதுக் கேஸ்கெட் போட்டு அனுப்பினேன். ஒரே வாரத்தில் அதே குறையோடு திரும்பி வந்தது. எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மூடியைக் கையில் எடுத்துத் திருப்பிக் காட்டினார். ரப்பரில் முடி அளவு வெடிப்பு. அந்த உரிமையாளர் தேவையில்லாமல் செலவழித்த நாட்களையும் பணத்தையும் நினைத்தால் இன்றும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அன்றிலிருந்து மூடியைச் சோதிக்காமல் நான் எந்த எஞ்சினையும் பிரித்ததில்லை.

பிரஷர் டெஸ்ட் என்பது சைக்கிள் பம்ப் போன்ற ஒரு கைப்பம்ப்பும் ஒரு மீட்டரும்தான். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். கூலன்ட்டை நிரப்பி, மூடியின் இடத்தில் பம்பைப் பொருத்தி, மூடி மேல் எழுதியிருக்கும் அளவுவரை அழுத்தம் ஏற்ற வேண்டும். 0.9 என்றோ 1.1 என்றோ அதில் இருக்கும். அந்த அளவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இல்லாத கசிவை நாமே உண்டாக்கியதாகிவிடும். அப்புறம் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். பெரிய கசிவு இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். பத்து நாளில் அரை லிட்டர் போகும் உங்களுடையதைப் போன்ற கசிவுக்குக் குறைந்தது இருபது நிமிடமாவது விட வேண்டும். முடிந்தால் ராத்திரி முழுக்க விட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது. சில கிளாம்ப்புகள் எஞ்சின் ஆறிச் சுருங்கும்போது மட்டும் கசியும், சில வெடிப்புகள் சூட்டில் மட்டும் வாய் திறக்கும். ஆகவே ஆறிய நிலையில் ஒன்றும் தெரியாவிட்டால், ஓட்டிச் சூடாக்கி வந்து, மூடியைத் திறக்கும் அளவுக்கு ஆற விட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போதே இன்னொரு முறை பார்க்க வேண்டும். அதே பம்பில் ஒரு அடாப்டரை மாட்டி மூடியையும் தனியாகச் சோதிக்கலாம். மூடிச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும்.

மீட்டர் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரமில்லை என்றால்தான் கண் உள்ளே போக வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிறு கேமராவை உள்ளே விட்டு, அழுத்தம் ஏறியிருக்கும் நிலையிலேயே ஒவ்வொரு சிலிண்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பிஸ்டன் மேல் துளிகள் நின்றாலோ, மற்றவை கரியோடு இருக்க ஒன்று மட்டும் கழுவி வைத்ததுபோலப் பளிச்சென்று இருந்தாலோ இடம் தெரிந்துவிட்டது.

ஹெட் கேஸ்கெட் என்று சொன்னவரின் பேச்சை நான் ஒதுக்கவில்லை. கேஸ்கெட்டில் சின்னதாகக் கசிவு விழும்போது, பாரம் ஏறினால்தான் சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் அழுத்தம் அதைத் திறந்து கூலன்ட் ஓடும் பாதைக்குள் புகும். உள்ளே அழுத்தம் மூடியின் எல்லையைத் தாண்டி, கூலன்ட் வெளியே தள்ளப்படும். வெளியிலிருந்து பார்த்தால் மூடி கெட்டதும் இதுவும் ஒரே மாதிரி இருக்கும். பிரித்தறிய நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சினில், காலையில் முதல் முறை மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று வெளியே வருகிறதா? ஆறிய எஞ்சினில் வெப்பத்தால் வரும் அழுத்தம் மிஞ்சியிருக்கக் கூடாது. இருந்தால் அது சிலிண்டரிலிருந்து புகுந்த வாயு. மூடியைத் திரும்பப் பூட்டி, எஞ்சினை இயக்கி, மேல் ஹோஸைக் கையால் அழுத்திக்கொண்டே இருங்கள். எஞ்சின் சூடாகும் முன்பே, ஒன்றிரண்டு நிமிடத்தில் அது கல்போல இறுகினால் சந்தேகம் பலமாகிறது. ஓடும் பெல்ட்டுகளிலிருந்தும் ஃபேனிலிருந்தும் கையையும் துணியையும் விலக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இதை உறுதிசெய்ய ஒரு ரசாயனச் சோதனை இருக்கிறது. கூலன்ட்டுக்கு மேலே நிற்கும் காற்றை ஒரு நீலத் திரவத்தின் வழியே உறிஞ்சுவார்கள். சிலிண்டரில் எரிந்த வாயுவில் உள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டால் நீலம் மஞ்சளாகும். சோதனையைச் சரியாகச் செய்து மஞ்சள் ஆனால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஆகாவிட்டால் ‘கேஸ்கெட் நன்றாக இருக்கிறது’ என்று உடனே சொல்லிவிடக் கூடாது. சின்னக் கசிவு எஞ்சின் வெறுமனே ஓடும்போது தெரியாது. மேடு ஏற்றி, நன்றாக ஓட்டி வந்து, ஆற விட்டு மறுபடி பார்க்க வேண்டும். கூலன்ட் கருவிக்குள் ஏறினாலும் நிறம் மாறிப் பொய்யான பதில் சொல்லும், அதனால் முன்னதாகக் கொஞ்சம் கூலன்ட்டை எடுத்துவிட்டுச் செய்ய வேண்டும்.

ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மோர்போல வெள்ளை படிந்திருந்தால் கேஸ்கெட் போய்விட்டது என்று பலர் பயப்படுகிறார்கள். சின்னச் சின்னத் தூரம் மட்டும் ஓடும் வண்டியில், எஞ்சின் முழுதாகச் சூடாகாமல், காற்றின் ஈரமே அப்படிப் படியும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் வரும் ஆயிலே வெளுத்திருந்தால்தான் கவலை. அப்படி இருந்தால் வண்டியை இயக்கவே வேண்டாம். கூலன்ட் கலந்த ஆயில் பேரிங்குகளைக் காப்பாற்றாது. வெள்ளைப் புகையும் அப்படித்தான். குளிர்ந்த காலையில் எல்லா வண்டியும் விடும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் இனிப்பு வாடையோடு அடர்த்தியாக வந்தால் அது வேறு.

இன்னொன்றும் நடந்திருக்கலாம் என்பது என் கணிப்பு. முதலில் இருந்தது மூடியிலோ ஹோஸிலோ ஒரு சிறு கசிவு. அளவு குறைந்த நிலையில் மேடு ஏறி முள் சிவப்பைத் தொட்டபோது ஹெட் கேஸ்கெட் அடிபட்டது. இப்போது குறை இரண்டு. பல வண்டிகளில் ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அளவுக்கு மீறிய சூடு ஒருமுறை வந்தாலே ஹெட் வளைய அது போதும். இப்படி இருந்தால், கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் பழைய கசிவு மறுபடி சூடாக்கும், கசிவை மட்டும் அடைத்தால் கேஸ்கெட் சும்மா இருக்காது. அதனால் ஒரு குறை கிடைத்தவுடன் சோதனையை நிறுத்திவிடாதீர்கள்.

ஹெட்டைக் கழற்றும் நிலை வந்தே தீர்ந்தால், அதன் அடிப்பரப்பில் நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜால் வளைவைப் பார்த்து எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். பல எஞ்சின்களில் 0.05 மில்லிமீட்டர்தான் எல்லை, தலைமுடியின் தடிமனுக்கும் குறைவு. கண்ணால் பார்த்து ‘நேராகத்தான் இருக்கிறது’ என்று சொல்வதற்கு அங்கே மதிப்பில்லை. வெடிப்பு இருக்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். முறுக்கும்போது இழுபட்டு நீளும் வகை போல்ட்டுகளாக இருந்தால் பழையதைத் திரும்பப் போடக் கூடாது.

ரேடியேட்டரை எப்போது மாற்றுவது? பிரஷர் டெஸ்டில் அதிலிருந்தே கசிந்தால் மாற்றத்தான் வேண்டும். உள்ளே அடைப்பு என்று சொன்னால் ஆதாரம் கேளுங்கள். எஞ்சின் சூடாக, தெர்மோஸ்டாட் திறந்திருக்கும்போது, வெப்பத்தைத் தூரத்திலிருந்தே அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ரேடியேட்டரின் முகத்தைப் பார்த்தால், அடைபட்ட குழாய்கள் இருக்கும் இடம் மட்டும் குளிர்ந்து நிற்கும். அதற்கும் முன்னால் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள இடுக்கைப் பாருங்கள். தூசியும் பூச்சியும் சருகும் அங்கேதான் சேரும், வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. நெரிசலில் நிற்கும்போது சூடாகி, ஓடினால் ஆறிவிடும் வண்டிக்கு ஃபேனைச் சந்தேகிக்கலாம். உங்களுடையது மேட்டில் சூடாகிறது, ஆகவே ஃபேன் எனக்கு இரண்டாம்பட்சம். ஏசி போட்டவுடன் ஃபேன் சுற்றுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு விடுங்கள்.

முள்ளை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சொல்ல வேண்டும். பல வண்டிகளில் அது உண்மையான வெப்பத்தைக் காட்டுவதில்லை. ஒரு அகலமான எல்லைக்குள் வெப்பம் எவ்வளவு ஏறி இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். முள் நகரத் தொடங்கும்போது நிலைமை ஏற்கெனவே முற்றியிருக்கும். வண்டியின் கணினியோடு இணைக்கும் சிறு ஸ்கேனர் இருந்தால் சரியான டிகிரி தெரியும். உங்களிடம் அல்லது மெக்கானிக்கிடம் இருந்தால் ஒரு மேடு ஏறும்வரை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சூடாக இருந்த முள் சட்டென்று கீழே விழுந்தால் சந்தோஷப்படக் கூடாது. சென்சார் இருக்கும் இடத்தில் கூலன்ட் இல்லாமல் வெறும் காற்று நிற்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அந்த நிமிடமே எஞ்சினை நிறுத்த வேண்டும்.

இரண்டு மாதமாக ஊற்றி வந்ததில் வெறும் தண்ணீர் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. தண்ணீர் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும், துருவைத் தடுக்கும் பொருட்களும் நீர்த்துப்போகும். சோதனை முடிந்து குறை தெரிந்தபின் முழுவதையும் வடித்துவிட்டு, கையேட்டில் சொன்ன வகைக் கூலன்ட்டைக் காய்ச்சி வடித்த நீரோடு கலந்து நிரப்புங்கள். நிறத்தைப் பார்த்து வகையைத் தீர்மானிக்காதீர்கள், ஒரே நிறத்தில் வெவ்வேறு ரசாயனம் வருகிறது. சேராத இரண்டைக் கலந்தால் கூழாகி அடைக்கவும் செய்யும். கசிவை அடைக்கும் பொடி, திரவம் எதையும் ஊற்ற வேண்டாம். ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களை அடைக்கும் வாய்ப்பு அதிகம். அப்புறம் உண்மையான கசிவைக் கண்டுபிடிப்பதும் கடினம்.

பிரஷர் டெஸ்ட் முடியும்வரை மேடும் முழுப் பாரமும் வேண்டாம். தினமும் காலையில், கிளம்பும் முன் அளவைப் பாருங்கள். வழியில் முள் ஏறத் தொடங்கினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஊதும் வேகத்தைக் கூட்டுங்கள். வியர்த்துக் கொட்டும்தான், ஆனால் எஞ்சினின் வெப்பத்தில் ஒரு பங்கை அது இழுத்துக்கொள்ளும். ஒதுங்க இடம் கிடைத்ததும் நிறுத்துங்கள். சிவப்பைத் தொட்டால் அடுத்த வளைவுவரை பார்க்கலாம் என்று நினைக்காமல் அங்கேயே அணையுங்கள். மேல் ஹோஸைக் கையால் சாதாரணமாகப் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறும்வரை மூடியைத் தொடக்கூடாது. அழுத்தம் விட்டவுடன் 100 டிகிரிக்கு மேல் இருக்கும் கூலன்ட் அந்த நொடியே கொதித்து முகத்தில் பீச்சும். அப்படி வெந்த கையை நான் பார்த்திருக்கிறேன். ஆறாத எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் தவறு. போன மாதம் ‘கொஞ்ச நேரம்’ கழித்து ஊற்றினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது எத்தனை நிமிடம் என்பதை மெக்கானிக்கிடம் மறைக்காமல் சொல்லுங்கள், ஹெட்டில் வெடிப்பு உண்டா என்று தேட அது உதவும்.

வேலை முடிந்தபின் கூலன்ட் பாதையில் சிக்கிய காற்றை முழுதாக வெளியேற்ற வேண்டும். கையேட்டில் ஏர் வென்ட் திருகு எங்கே, ஹீட்டரை எப்படி வைக்க வேண்டும் என்று இருக்கும். இதைச் சரியாகச் செய்யாததால், குறையே இல்லாத வண்டி மறுபடி சூடாகி, இன்னொரு பாகம் மாறுவதும் உண்டு. முதல் இரண்டு மூன்று ஓட்டத்தில் அளவு கொஞ்சம் இறங்குவது இயல்பு, மிச்சக் காற்று வெளியேறும் இடத்தைக் கூலன்ட் நிரப்பிக்கொள்கிறது. ஒரு வாரத்துக்குப் பின்னும் இறங்கினால் திரும்பிப் போங்கள். வடித்த பழைய கூலன்ட்டைத் தரையில் ஊற்ற விடாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் கலந்தது இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கினால் உயிருக்கே ஆபத்து. மூடி உள்ள கேனில், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, பழைய ஆயில் எடுத்துக்கொள்பவரிடமே இதையும் தனிக் கேனாக வாங்கிக்கொள்வாரா என்று கேளுங்கள்.

மூடிச் சோதனையில் எத்தனை பார் தாங்கியது, பிரஷர் டெஸ்டில் இருபது நிமிடத்தில் மீட்டர் எவ்வளவு இறங்கியது, காலையில் மூடியைத் திறந்தபோது காற்று வந்ததா என்ற மூன்றையும் எழுதி அனுப்புங்கள். ரேடியேட்டரா, ஹெட்டா என்ற கேள்விக்கு அதை வைத்து என்னால் நேரான பதில் சொல்ல முடியும்.